மனிதர் புகழும் இறைவன் ஏற்பும் : விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

1. முன்னுரை

புனே நகருக்கு வடமேற்கே பவனா ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிஞ்ச்வட், மோரயா கோசாவியின் சமாதியாலும் சாபேகர் சகோதரர்களின் இல்லத்தாலும் பெயர்பெற்ற ஊராகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்வூர் பிம்ப்ரியோடு இணைந்து தொழில்நகரமாக வளர்ந்தது. அக்காலத்தில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் கிறித்தவக் குடும்பங்களும் இருந்தன. அவை தம்முடன் தமிழ் விவிலியத்தையும் கொண்டு சென்றன. தமிழில் வழிபடும் சபைகளும் தோன்றின. அதே நிலப்பகுதியில் மராத்தி விவிலியமும் தனக்கென ஒரு நீண்ட மொழிபெயர்ப்பு வரலாற்றை உடையது.

மனிதர் தரும் புகழை நாடாது இறைவனின் ஏற்பையே நாடுதல் கிறித்தவ வாழ்வின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. இக்கோட்பாடு இந்திய மொழிகளுக்குள் வந்தபோது இரு வினாக்கள் எழுந்தன. ‘புகழ்’ என்பதை அறமாகப் போற்றிய மொழியில் இதனை எச்சொற்களால் உணர்த்துவது என்பது ஒன்று. அச்சொற்களைத் தேடியவர்கள் தம் புகழை எவ்வாறு கருதினர், அல்லது அவர்தம் புகழைப் பிறர் எவ்வாறு கையாண்டனர் என்பது மற்றொன்று. முதல் வினாவைத் தமிழ் விவிலியச் சொல்லாட்சியைக் கொண்டும், இரண்டாம் வினாவைப் புனேயில் வாழ்ந்த பண்டித ரமாபாய், தமிழ் மொழிபெயர்ப்பாளர் சிலர் ஆகியோரின் வரலாற்றைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. புகழ் : தமிழ் மரபும் புதிய கருத்தும்

தமிழ் மரபில் புகழ் ஓர் அறப்பயன். திருக்குறளில் ‘புகழ்’ 24ஆம் அதிகாரமாக, இல்லறவியலின் இறுதியில் நிற்கிறது. அதற்கு முன்னுள்ள அதிகாரம் ‘ஈகை’. ஈதலின் விளைவு இசைபட வாழ்தல் என்பதை இவ்வைப்புமுறையே காட்டுகிறது. புறநானூற்றின் 182ஆம் பாடலில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, உலகம் நிலைத்திருப்பதற்குக் காரணமான சான்றோரைப் பேசுமிடத்து, புகழுக்காக உயிரையும் தருவதை அவர்தம் இயல்புகளுள் ஒன்றாக எண்ணுகிறார். புகழின் எதிர்ச்சொல் பழி. எனவே புகழை வேண்டாமை என்பது பழியை அஞ்சாமை எனப் பொருள்படும் இடரும் இங்கு உண்டு.

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இம்மரபிற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. அங்கு ஈகை மறைவாக நிகழவேண்டியது. கொடுப்பவனின் ஒரு கை செய்வதை மற்றொரு கையும் அறியலாகாது. ஈகையிலிருந்து புகழுக்குச் செல்லும் வள்ளுவரின் பாதை இங்கு அடைக்கப்படுகிறது.

ஆயினும் இரு மரபுகளும் முற்றும் முரண்பட்டவை அல்ல. ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் புறத்தோற்றத்தால் உலகை ஏமாற்றும் துறவியரைக் கடிந்துரைக்கிறார். இளம்பெருவழுதியின் சான்றோரும் தமக்கென முயலாது பிறர்க்கென முயல்பவரே. தமிழ் மரபு புகழைப் போற்றியதே தவிரப் பாசாங்கைப் போற்றவில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஊன்றிக்கொள்ளக் கிடைத்த இடம் இதுவே.

3. மூலச் சொற்களும் தமிழ்ச் சொற்களும்

3.1 மகிமை, கனம், புகழ்ச்சி

‘தொக்ஸா’ என்னும் கிரேக்கச் சொல் பண்டைக் கிரேக்கத்தில் ‘கருத்து’, ‘பிறர் கொள்ளும் மதிப்பு’ எனப் பொருள்பட்டது. எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ‘காவோத்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு இதனை ஆண்டனர். ‘காவோத்’ பளு என்னும் வேர்ப்பொருளினின்று பிறந்தது. பளுவையும் மதிப்பையும் ஒருங்கே உணர்த்தும் ‘கனம்’ என்னும் சொல் தமிழில் உள்ளமை நோக்கத்தக்கது. எனினும், இன்று ‘பழைய மொழிபெயர்ப்பு’ என வழங்கும் தமிழ் விவிலியம் ‘தொக்ஸா’வுக்கு ‘மகிமை’ என்பதையும், விலை, மதிப்பு எனப் பொருள்படும் ‘திமே’ என்னும் மற்றொரு கிரேக்கச் சொல்லுக்குக் ‘கனம்’ என்பதையும் ஒதுக்கிக்கொண்டது.

யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், மக்கள் தரும் தொக்ஸாவை இறைவன் தரும் தொக்ஸாவினும் மிகுதியாக விரும்பிய தலைவர்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ‘மகிமை’ என்றே பெயர்க்கிறது. ஒருபுறம் ‘புகழ்’, மறுபுறம் ‘மகிமை’ எனப் பிரித்திருந்தால் பொருள் எளிதில் விளங்கியிருக்கும். ஆனால் மூலத்தின் கூர்மை மழுங்கியிருக்கும். மனிதர் விரும்புவது வேறு பொருளை அன்று. அதே பொருளைத் தவறான கையிலிருந்து பெற விரும்புகின்றனர் என்பதே அங்குள்ள கருத்து. ஒரே சொல்லை இருமுறை ஆண்டதால் தமிழிலும் அக்கருத்து காக்கப்பட்டது.

‘கெனொதொக்ஸியா’ என்பது வெறுமையான தொக்ஸா. இதன் சொற்குடும்பத்தைப் பழைய மொழிபெயர்ப்பு கலாத்தியர் மடலில் ‘வீண் புகழ்ச்சி’ என்றும் பிலிப்பியர் மடலில் ‘வீண்பெருமை’ என்றும் தருகிறது. இங்கு ‘வீண்’ என்னும் அடை முதன்மையானது. புகழைத் தீமை என்று தமிழில் சொல்ல இயலாத நிலையில், புகழுள் ஒரு வகையைப் பிரித்தெடுத்துக் காட்ட இவ்வடை பயன்பட்டது.

3.2 உத்தமன்

இறைவனின் ஏற்பைக் குறிக்கும் சொற்களுள் ‘தொகிமோஸ்’ தலையாயது. சோதனையில் தேறிய நாணயத்திற்கும் மாழைக்கும் (உலோகத்திற்கும்) வழங்கிய சொல் அது. பவுல் தம் மடல்களில் இதனைப் பன்முறை ஆள்கிறார். பழைய மொழிபெயர்ப்பு உரோமையர் மடலின் இறுதி வாழ்த்திலும், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலிலும், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலிலும் இதனை ‘உத்தமன்’ என்று ஒரே சொல்லால் பெயர்க்கிறது. சொல்லொருமை போற்றப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆனால் ‘உத்தமன்’ ஒருவனது இயல்பைக் கூறும் சொல். ‘தொகிமோஸ்’ அவன் கடந்துவந்த சோதனையைக் கூறும் சொல். உரைகல்லின் தடம் தமிழில் மறைந்துவிட்டது.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலின் 2ஆம் அதிகாரத்தில் இவ்விழப்பு தெளிவாகப் புலப்படுகிறது. இறைவனால் தேர்ந்தறியப்பட்டோம் என்பதற்கும், அவ்விறைவன் உள்ளங்களைத் தேர்ந்தறிபவன் என்பதற்கும் ஒரே தொடரில் ஒரே வினை மூலத்தில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு முன்னதை உத்தமரென எண்ணுதலாகவும் பின்னதைச் சோதித்தறிதலாகவும் தருகிறது. இரண்டும் தனித்தனியே பொருந்துவன. ஆனால் அவற்றை இணைத்த கயிறு அறுந்தது.

தமிழில் அதற்கான உருவகம் இல்லாமல் இல்லை. ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்னும் கருத்து ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் உள்ளது. உரைகல், மாற்று, புடம் ஆகியன பொற்கொல்லர் பட்டறையிலிருந்து பொதுவழக்கிற்கு வந்த சொற்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘ஏற்புடையவர்’ என்னும் வழக்கை ஆள்கிறது. ‘உத்தமன்’ என்பதினும் இது மூலத்திற்கு ஒருபடி நெருங்கியது. ஏற்பவர் ஒருவர் உண்டு என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. எனினும் உரைகல் இங்கும் இல்லை.

3.3 மாயக்காரரும் தீர்ந்த கணக்கும்

பிறர் காண அறம் செய்வோரை மத்தேயு நற்செய்தி ‘ஹுபொக்ரித்தேஸ்’ என்கிறது. கிரேக்கத்தில் இச்சொல் நாடக நடிகனைக் குறித்தது. பழைய மொழிபெயர்ப்பின் ‘மாயக்காரர்’ என்பது ஏமாற்றுதலை உணர்த்துகிறது. திருவிவிலியத்தின் ‘வெளிவேடக்காரர்’ என்பது அரங்கை மீட்டுத் தருகிறது. நடிகன் உள்ள இடத்தில் பார்வையாளரும் உள்ளனர். கண்டிக்கப்படுவது பொய் மட்டுமன்று, பார்வையாளரை நாடும் மனநிலையும் ஆகும் என்பதால் பின்னதன் பொருத்தம் மிகுதி. மாறாக, கொலோசெயர் மடலில் தலைவனின் கண்முன் மட்டும் உழைத்தலைக் குறிக்கும் கூட்டுச்சொல்லைப் ‘பார்வைக்கு ஊழியஞ்செய்தல்’ எனப் பழைய மொழிபெயர்ப்பு பெயர்த்தது, மூலச்சொல்லின் அமைப்பையும் காத்து இயல்பான தமிழாகவும் அமைந்தது.

அதே மத்தேயு பகுதியில் புகழை நாடியோர் தம் கூலியைப் பெற்றுவிட்டனர் என்பதைக் குறிக்க வரும் கிரேக்க வினை வணிக வழக்கினது. ‘முழுதும் பெற்றுக்கொண்டேன், இனி நிலுவை இல்லை’ என்னும் பொருளில் பற்றுச்சீட்டுகளில் அவ்வினை எழுதப்பட்டதை எகிப்தியப் பப்பைரஸ் ஏடுகளைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விளக்கினார். பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘தீர்தல்’ என்னும் வினையைத் துணைகொள்கிறது. கடன் தீர்ந்தது, கணக்குத் தீர்ந்தது என்னும் வழக்குகளில் இன்றும் வாழும் வினை இது. மனிதரின் கைதட்டலோடு கணக்கு முடிந்தது, இறைவனிடம் பெற வேண்டியது எதுவும் எஞ்சவில்லை என்னும் பொருள் அவ்வொரு வினையால் முழுமை பெறுகிறது.

4. ரமாபாய் : பெற்ற புகழும் இழந்த புகழும்

சொற்களிலிருந்து அவற்றைத் தேடியோரிடம் வருமிடத்து, புனேயின் பண்டித ரமாபாய் (1858–1922) முதலில் கருதற்குரியவர். தந்தை அனந்த சாஸ்திரி தோங்ரே தம் மனைவிக்கும் மக்களுக்கும் சமஸ்கிருதம் கற்பித்தவர். புராணம் படித்துக்கொண்டு தலங்கள்தோறும் சென்ற அக்குடும்பம் 1870களின் பஞ்சக் காலத்தில் தென்னிந்தியாவில் சிதைந்தது. பெற்றோரும் தமக்கையும் இறந்தனர். எஞ்சிய ரமாபாய் தமையனுடன் 1878இல் கல்கத்தாவை அடைந்தார். அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். அப்போது அவருக்கு வயது 20.

1882இல் கணவரை இழந்து புனேக்கு வந்த அவர் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். 1883இல் இங்கிலாந்து சென்று வான்டேஜ் நகரில் திருமுழுக்குப் பெற்றார். 1887இல் அமெரிக்காவில் வெளியான உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றிய அவரது ஆங்கில நூல் அவருக்குப் பெரும் புகழையும் பொருளுதவியையும் தேடித்தந்தது. 1889இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதன் 1890இல் புனேக்கு இடம்பெயர்ந்தது.

இப்புகழ் படிப்படியாகக் கரைந்ததே அவரது வரலாற்றின் மறுபாதி. முதலாவது, இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்திலேயே திருச்சபைத் தலைவர்களின் கட்டளை என்பதற்காக மட்டும் எதனையும் ஏற்க அவர் மறுத்தார். வான்டேஜ் மடத்துச் சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இதற்குச் சான்று; அக்கடிதங்கள் 1977இல் ஏ. பி. ஷா அவர்களால் நூலாகப் பதிப்பிக்கப்பெற்றன. இரண்டாவது, சாரதா சதனில் பயின்ற விதவைப் பெண்கள் சிலர் கிறித்தவ வழிபாட்டை நாடியதால் 1893இல் பெரும் பூசல் எழுந்தது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் முதலிய சீர்திருத்தத் தலைவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர்.

மூன்றாவது நிகழ்ச்சி 1897இல் புனேயைத் தாக்கிய பிளேக் நோயோடு தொடர்புடையது. அதிகாரி ராண்டு தலைமையில் நடந்த சோதனைகள் மக்களின் சினத்தைத் தூண்டின. சிஞ்ச்வட்டைச் சேர்ந்த தாமோதர் சாபேகரும் அவர் தம்பியும் 1897 ஜூன் 22 அன்று ராண்டைச் சுட்டனர். சகோதரர் மூவரும் பின்னர்த் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில் ரமாபாய், பிளேக் மருத்துவமனையில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்பதை ‘பாம்பே கார்டியன்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படுத்தினார். ஆளுநர் சான்ட்ஹர்ஸ்ட் பிரபு அக்குற்றச்சாட்டை மறுத்தார். துப்பாக்கியும் கடிதமும் வெவ்வேறு பாதைகள். எனினும் மதம் மாறியவர் என்று தேசியவாதிகளால் விலக்கப்பட்ட ஒருவர், ஆள்வோரின் நல்லெண்ணத்தையும் பொருட்படுத்தாது எழுதினார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. திருச்சபை, சீர்திருத்தவாதிகள், அரசு என்னும் மூன்று அவைகளின் பாராட்டும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அவரை விட்டு அகன்றன.

5. கேட்காவ் மொழிபெயர்ப்பு

1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து ரமாபாய் மீட்டுவந்த பெண்களுக்குப் புனே மாவட்டத்தின் கேட்காவில் உருவான இல்லமே முக்தி. அவருடைய இறுதிப் பணி அங்குதான் நிகழ்ந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியம் முழுவதையும் அவர் மராத்தியில் பெயர்த்தார். ஏறத்தாழ இறுதிப் பதினைந்து ஆண்டுகளும் இதற்கே செலவாயின. அச்சுக் கோத்தவரும் அச்சிட்டவரும் முக்தி இல்லத்துப் பெண்களே. மகள் மனோரமா 1921இல் இறந்த பின்னும் பணி நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். முழுவிவிலியம் 1924இல் வெளிவந்தது. விவிலியம் முழுவதையும் ஒரு பெண்ணே மொழிபெயர்த்தல் உலக அளவிலும் அரிது. அமெரிக்காவின் ஜூலியா ஸ்மித் 1876இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு முன்னோடி.

மொழியியலார்க்கு இம்மொழிபெயர்ப்பில் முதன்மையானது அதன் நடை. வில்லியம் கேரியின் செராம்பூர்ப் பதிப்பு முதலாக மராத்தி விவிலியங்கள் ஒரு நூற்றாண்டாக வழங்கிவந்தன. அவற்றின் நடை சமஸ்கிருதச் சார்பு மிக்கதாய், கல்லாத பெண்களுக்கு எட்டாததாய் இருந்ததாக ரமாபாய் கருதினார். எனவே எளிய பேச்சுச் சாயலுள்ள மராத்தியையும், வேற்றுச் சமயக் கோட்பாடுகளின் பொருட்சுமை ஏறாத சொற்களையும் தேடினார். அவரது புகழ் முழுவதும் சமஸ்கிருதத்தின் மீது எழுந்தது. பட்டங்கள் இரண்டும் அம்மொழியால் வந்தவை. தம் வாழ்வின் இறுதி உழைப்பில் அவர் கைவிட்டது அம்மொழியின் மிடுக்கையே. அவைக்கஞ்சாப் புலமை பெற்ற ஒருவர், அவையே இல்லாத வாசகருக்காக எழுதினார். புகழைத் துறத்தல் என்பது இங்கு ஒரு மனநிலையாக மட்டும் நிற்காமல் சொற்றேர்வாக மாறியது.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. முக்தி இல்லத்திற்கு வெளிநாட்டு நன்கொடை தேவைப்பட்டது. அதற்கென ‘முக்தி பிரேயர் பெல்’ என்னும் ஆங்கில இதழ் நடத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் உணவு அவரது பெயரைச் சார்ந்திருந்தது. 1919இல் அரசு ‘கைசர்-இ-ஹிந்த்’ பதக்கம் அளித்தது. ‘பண்டிதா’ என்னும் பட்டமும் அவர் பெயரை விட்டு நீங்கவே இல்லை. மறுபுறம், அவருடைய மொழிபெயர்ப்பு மராத்திச் சபைகளின் பொதுவழக்கு நூலாக நிலைபெறவில்லை. பெயர் நின்றது, பெயரைப் பொருட்படுத்தாது செய்த பணி பின்தள்ளப்பட்டது.

6. தமிழில் பெயரின்மை : விரும்பியதும் விதிக்கப்பட்டதும்

தமிழ் விவிலிய வரலாறு இதற்கு மாறான காட்சிகளைத் தருகிறது. ஜெர்மானியரான பிலிப் ஃபப்ரிசியஸ் 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். அவரது புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சானது. அகராதி 1779இல் வெளிவந்தது. பிறர் ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்த அவர், கடன் வழக்கில் சிறைப்பட்டு, மதிப்பிழந்த நிலையில் 1791இல் இறந்தார். ஆனால் அவரது மொழிநடை பின்வந்த பதிப்புகளுக்கு அடித்தளமாயிற்று. ரமாபாய்க்குப் பெயர் நின்று நூல் பின்தங்கியது. ஃபப்ரிசியஸுக்குப் பெயர் கெட்டு நூல் நின்றது.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பெர்சிவல் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்கு உழைத்தவருள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர் (1822–1879). நாவலர் சைவராகவே வாழ்ந்தவர். சைவத்தின் சார்பில் கிறித்தவத்தை எதிர்த்து வாதிட்டவர். அவர் இப்பணியில் கிறித்தவ இறைவனின் ஏற்பை நாடினார் என்று கூற இயலாது. இதனால் தம் சமயத்தாரிடம் புகழ் பெறவும் வழியில்லை. மொழிக்கு உண்மையாயிருத்தல் என்னும் மூன்றாவது அளவுகோல் ஒன்று மொழிபெயர்ப்பாளர்க்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இம்மொழிபெயர்ப்பு தமிழகத்தில் ஏற்கப்படாமையால் ஹென்றி பவர் தலைமையில் திருத்தக்குழு அமைந்தது. அதன் பயனாக 1871இல் முழுமை பெற்றதே இன்றைய பழைய மொழிபெயர்ப்பு. பவருக்குத் துணைநின்ற தமிழறிஞர் முத்தையா பிள்ளை. 1868இல் இருவரும் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் இருவர் பெயரும் இடம்பெற்றன. விவிலியமோ ‘பவர் திருப்புதல்’ என்றே வழக்கில் அறியப்பட்டது. இலக்கியப் பதிப்பில் பெயர் பெற்ற அதே உழைப்பாளி, திருமறைப் பணியில் பொதுநினைவிலிருந்து மறைந்தார்.

விவிலியச் சங்கங்களின் பதிப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரை முகப்பிலிடாமை பொது மரபு. நூல் ஆசிரியனுக்கன்று, இறைவனுக்கு உரியது என்னும் கொள்கை இதன் பின்னுள்ளது. ஆனால் மரபு எல்லாரையும் ஒன்றுபோல் மறைக்கவில்லை. மேலைநாட்டுத் தலைவரின் பெயர் வழக்கிலும் வரலாற்று நூல்களிலும் தங்கியது. ஒவ்வொரு தொடரையும் உரைத்துப் பார்த்த முன்ஷிகளும் உபதேசியாரும் பெயரற்றோராயினர். கேட்காவில் அச்செழுத்துக் கோத்த பெண்களின் நிலையும் இதுவே.

7. முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன தெளிவாகின்றன. புகழை அறமாகப் போற்றிய தமிழில் இறையேற்பு என்னும் கருத்து, புதுச்சொற்களால் அன்றி, ‘வீண்’ என்னும் அடையாலும் ஒரே சொல்லை இருபுறமும் நிறுத்தும் உத்தியாலும் ‘தீர்தல்’ போன்ற வழக்கு வினைகளாலும் வேரூன்றியது. ‘தொகிமோஸ்’ என்பதன் உரைகல் உருவகம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இன்னும் மீட்கப்படவில்லை. எதிர்காலத் திருத்தங்களில் இது கருதற்குரியது. ரமாபாயிடம் புகழ்த்துறவு நடைத்தேர்வாக வெளிப்பட்டது.

இவற்றினும் முதன்மையானது ஒன்று. மனிதர் புகழை நாடாமை என்பது ஒருவர் தமக்குத் தாமே ஏற்கும் நோன்பு. ரமாபாய் துறப்பதற்கு அவரிடம் புகழ் இருந்தது. முன்ஷிக்கும் அச்சுக்கோத்த பெண்ணுக்கும் அது தரப்படவே இல்லை. தரப்படாததைத் துறந்ததாகக் கொள்ளுதல் வரலாற்றுப் பிழையாகும். மறைவாகக் கொடு என்பது கொடுப்பவனுக்கு இடப்பட்ட கட்டளையே அன்றி, பெற்றவன் நன்றி மறக்க அளிக்கப்பட்ட இசைவு அன்று. ஆகவே இந்திய மொழிகளின் விவிலிய வரலாற்றை எழுதுவோர், கடிதங்கள், சபை அறிக்கைகள், அச்சக ஏடுகள் ஆகியவற்றிலிருந்து துணைமொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களைத் தேடிப் பதிவு செய்தல் கடமையாகும். மொழிபெயர்த்தவர் தம் பெயரை மறைக்கலாம். வரலாறு அதனை மறத்தல் ஆகாது.